டிரம்மின் ‘பேரிங் எட்ஜ்’: தமிழில் ஒரு சொல் வேண்டும், திங்கட்கிழமைக்குள்

கோத்தகிரியிலிருந்து:

குழும அன்பர்களுக்கு வணக்கம். குன்னூரில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது, 1960களின் பிரீமியர் கம்பெனி டிரம் செட் ஒன்றைப் பள்ளிக்காக 28,000 ரூபாய்க்கு வாங்கினோம். மலைப் பனி குரோம் முழுக்கத் துருப்புள்ளி வைத்திருந்தது. அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பிள்ளைகளே அதை எடுத்துவிட்டார்கள். அடுத்த வேலை மரத்தில். அதற்கு எட்டுப் பக்கக் கையேடு ஒன்று எழுதுகிறேன். ஊட்டி அச்சகம் திங்கள் காலை கேட்கிறது.

டிரம்மின் மர உருளைக்கு மேலே, தோல் வந்து உட்காரும் மெல்லிய ஓரம்தான் பேரிங் எட்ஜ். அது கூராக இருந்தால் தோலைத் தொடும் இடம் குறைவு. ஒலி பளிச்சென்று நீளும். உருண்டிருந்தால் ஒலி அடங்கிக் கனிந்து வரும். இன்றைய டிரம்களில் 45 பாகைச் சரிவு வழக்கம். பழையவற்றில் பெரும்பாலும் உருண்டை, அதைக் கூராக்கினால் பழைய குரலே போய்விடும். எங்கள் டிரம்மை மேசைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, உள்ளே பல்பைத் தொங்கவிட்டு, மேலே அட்டையால் மூடி, ஜன்னல்களையும் சாத்திப் பார்த்தோம். ஓரிடத்தில் நாலு விரல் அகலத்துக்கு வெளிச்சம் கசிந்தது. அங்கே ஓரம் தாழ்ந்திருக்கிறது; மீதி ஓரத்தைச் சிறிது தேய்த்து அதே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கையேட்டின் முதல் படியில் ‘விளிம்பைத் தேய்க்கவும்’ என்று எழுதியிருந்தேன். உதவிக்கு வந்த அருவங்காட்டுத் தச்சர் அதைப் படித்துவிட்டு உருளையின் வெளிச்சுற்றில் உப்புத்தாளை வைத்துவிட்டார். இரண்டு இழுப்பில் நிறுத்தினோம். தவறு அவருடையது அல்ல, என் சொல்லினுடையது.

கோவையிலிருந்து:

டீச்சர், ‘தாங்குவிளிம்பு’ என்று போடுங்கள். சொல்லுக்குச் சொல் சரியாக வருகிறது.

ஈரோட்டிலிருந்து:

அங்கேதான் சிக்கல். நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவன். எங்கள் நூல்களில் பேரிங் என்றால் ‘தாங்கி’. தாங்குவிளிம்பு என்று படிக்கிற பையன் டிரம்முக்குள் குண்டு பேரிங்கைத் தேடுவான். மூலச்சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள். அங்கே நடப்பது தோல் அமர்வது. ‘தோலமர் விளிம்பு’ போதும்.

சென்னையிலிருந்து:

1950களின் பிற்பகுதியிலேயே கன்றுத்தோல் போய் மைலார் பிளாஸ்டிக் வந்துவிட்டது. இல்லாத தோலை எதற்குப் பெயரில் ஒட்டவேண்டும்?

ஈரோட்டிலிருந்து:

எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காயெண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்கிறோம். அதில் எள்ளை யாரும் தேடுவதில்லை. தோலும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

மதுரையிலிருந்து:

அன்புள்ள அம்மா, நம்மிடம் இல்லாத சொல்லா? சங்கப் பாடல்களில் முழவின் தோல்முகத்துக்குப் பெயர் ‘கண்’. ‘தெண்கண் மாக்கிணை’ என்கிறது புறநானூறு, தெளிந்த கண்ணுள்ள பெரிய கிணைப்பறை. ஏழாம் வேற்றுமை உருபும் கண்தான். இடம் என்று பொருள். ஆக, அடி விழும் இடம் கண். அந்தக் கண்ணைச் சுற்றி நிற்கும் ஓரம் என்ன? இமை! ஒரே சொல், இரண்டே எழுத்து. மலைபடுகடாம் தொடக்கத்தில் ‘விண்ணதிர் இமிழிசை’ வருகிறது. இமிழ்தல் என்றால் ஒலித்தல். இமிழுக்கும் இமைக்கும் வேர் ஒன்று என்பது என் நெடுநாள் எண்ணம்.

அடுத்த அடி ‘திண்வார் விசித்த முழவொடு ஆகுளி’. விசித்தல் என்றால் இழுத்துக் கட்டுதல். புறம் 50இல் முரசுக்கும் ‘மாசற விசித்த வார்புறு வள்பின்’ என்றே வருகிறது. தோலை இறுக்கும் உங்கள் திருகாணிக்கு ‘விசியாணி’ என்று பெயர் வையுங்கள். சிம்பலுக்குப் ‘பாண்டில்’ இருக்கிறது, மலைபடுகடாத்தின் அதே இடத்தில், உருக்கிச் செய்ததாகவே.

ஈரோட்டிலிருந்து:

ஐயா, முதல் இரண்டு ஒலி ஒத்தால் வேரும் ஒத்துவிடுமா? தவிர, இமை மூடித் திறப்பது. இந்த ஓரம் அசையவே கூடாது, அசைந்தால் ஒலி கெட்டது.

மதுரையிலிருந்து:

மேசைக்குக் கால் உண்டு, நடக்கிறதா?

ஊட்டியிலிருந்து:

இந்த மலையில் இதைப் பேசும்போது இங்கத்துப் பழங்குடியான கோத்தர்களை மறக்கக்கூடாது. கோத்தகிரியின் பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள். படகர் வீட்டுச் சாவுக்கும் தோடர் சாவுக்கும் தலைமுறை தலைமுறையாக வாசித்தவர்கள். மரவேலையும் தோல்வேலையும் கைவந்தவர்கள். முதலில் அங்கே போய்க் கேட்டிருக்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து:

வீட்டில் மிருதங்கம் இருப்பதால் சொல்கிறேன். மர உருளையைக் ‘கட்டை’ என்போம். தோல், வார்ப்பின்னல் எல்லாம் சேர்ந்த முகம் ‘மூட்டு’. கட்டை திறந்திருக்கும் இடம் வாய். குடத்துக்கும் கிணற்றுக்கும் வாய்தானே? ‘வாய்விளிம்பு’ என்றால் தச்சர் வெளிச்சுற்றுக்குப் போகமாட்டார். தவிலுக்கே இப்போது இரும்பு வளையமும் போல்ட்டும் வந்துவிட்டன. ‘போல்ட்டை முறுக்கு’ என்கிறோம், வேலை நடக்கிறது. விசியாணி என்று கேட்டால் கடையில் கிடைக்காது.

மதுரையிலிருந்து:

கடையில் கிடைப்பதுதான் சொல்லுக்கு அளவு என்றால் ‘பேருந்து’ வந்திருக்குமா? ஒரு தலைமுறை விடாமல் சொன்னதால்தான் அது வந்தது. கண்ணும் இமையும் இருக்கும்போது வாயைத் தேடிப் போவது எனக்கு வலிக்கிறது.

கோத்தகிரியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. மதுரை ஐயா, ‘இமை’யைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு அழகு. காலையில் வகுப்பில் கரும்பலகையில் தாங்குவிளிம்பு, இமை, வாய்விளிம்பு என்ற மூன்று சொற்களை எழுதி, எதையும் விளக்காமல், டிரம்மில் தொட்டுக்காட்டச் சொன்னேன். தாங்குவிளிம்புக்கு இரண்டு பேர் அடியிலிருந்த இரும்புக் காலைத் தொட்டார்கள். இமைக்கு ஒருவரும் எழுந்து வரவில்லை. வாய்விளிம்புக்கு எல்லார் விரலும் ஒரே இடத்துக்குப் போனது. தச்சரும் ‘வாய் ஓரம்தானே?’ என்றார்.

இன்னொரு காரணமும் உண்டு. 1960களின் பிற்பகுதிவரை வந்த பிரீமியர் டிரம்களில் 12, 14 அங்குல உருளைகள் இன்றைய அளவைவிடக் கொஞ்சம் பெரியவை; புதுத் தோல் எளிதில் இறங்காது. அதற்காக வெளிச்சுற்றைச் செதுக்கும் ஆசை யாருக்கும் வரும். வாய்விளிம்பு, வெளிச்சுற்று இரண்டும் வேறு வேறு என்று சொல்லே பிரித்துக்காட்ட வேண்டும், செதுக்கிய மரம் திரும்பி வராது. எனவே கையேட்டில் வாய்விளிம்பு என்றே போகிறது. இறுக்கும் ஆணி ‘திருகாணி’. சிம்பல், சிம்பல்தான். ஊட்டி நண்பர் சொன்னபடி கோத்தர் ஊருக்கு அடுத்த மாதம் பிள்ளைகளோடு போகிறேன்.

மதுரையிலிருந்து:

அச்சுக்கு உங்கள் சொல்லே போகட்டும், அம்மா. என் சொல்லை நான் திரும்பப் பெறவில்லை. கண் என்ற பெயரையாவது ஒரு வரியில் சொல்லுங்கள், பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

கோத்தகிரியிலிருந்து:

மூன்றாம் பக்கத்தில் சேர்த்துவிட்டேன், ஐயா: ‘தோல் பூட்டிய முகத்தை நம் முன்னோர் கண் என்றார்கள்.’