ஜிபிஎஸ் பெட்டி 1999-க்குப் போன ஞாயிற்றுக்கிழமை

உப்புக்காற்று, மண்டபம்:
கம்ப்யூட்டர் உங்கள் காலை வாரிய கதை இருந்தால் சொல்லுங்கள். முதலில் என்னுடையது. ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள், வாசல் வரை கூட்டம். ஒரு பாட்டியின் விவரங்களை ஏற்றிப் பணம் கட்டும் பொத்தானை அழுத்தினேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனதா, போகவில்லையா? பேச்சே இல்லை. மறுபடி அழுத்தினேன். இரண்டு தடவை எடுத்துக்கொண்டது. பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கொண்டல், ராமேஸ்வரம்:
2019 ஏப்ரல். மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை கடலுக்குப் போக டோக்கன் வாங்கிப் போன எங்கள் விசைப்படகு ஞாயிறு விடியலில் திரும்பிக்கொண்டிருந்தது. மணி ஐந்தரை தாண்டியிருக்கும். "அண்ணே, தேதி 22 ஆகஸ்ட் 99-ன்னு காட்டுது" என்றான் தம்பி. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் நிஜம்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ஜிபிஎஸ் பெட்டி. வேடிக்கை என்னவென்றால் கிழமை மட்டும் சரி: ஞாயிறு. இடத்தையும் ஒழுங்காகத்தான் காட்டியது. சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

வினை அப்புறம்தான் வந்தது. நினைவகம் நிறைந்தால் அந்தப் பெட்டி பழைய தடங்களை அழித்துப் புதியதற்கு இடம் கொடுக்கும். அந்த ஞாயிறுக்கு அடுத்த முறை போன தடம் அதன் கணக்கில் இருபது வருஷப் பழசு! அதைத்தான் முதலில் அழித்தது. கச்சத்தீவுப் பக்கம் எல்லைக்கு இந்தப் புறத்திலேயே வலை இழுத்தோம் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்தத் தடம்.

நெட்டை_பனை, ராமநாதபுரம்:
நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். கொண்டல் அண்ணன் பெட்டி பழுதாகவில்லை. ஜிபிஎஸ் 1980 ஜனவரி 6 முதல் வாரங்களை எண்ணுகிறது. பழைய சிக்னலில் அதற்கு ஒதுக்கியது 10 பிட், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதும் பத்துக் கட்டம்; அதில் 1024 எண்தான் அடங்கும். 1024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யம். முதல் சுற்று முடிந்தது 1999 ஆகஸ்டில், இரண்டாவது 2019 ஏப்ரலில். எத்தனையாவது சுற்று என்பதைப் பெட்டிதான் ஊகிக்க வேண்டும். முழு வாரமாகப் பின்னே போவதால் கிழமை மட்டும் மாறாது.

1991 பிப்ரவரியில் வளைகுடாப் போரின்போது அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்புக் கருவியும் இப்படித்தான் கணக்கில் சறுக்கியது. விநாடியில் பத்தில் ஒரு பங்கை 24 பிட்டுக்குள் நறுக்கி வைத்திருந்தார்கள். 100 மணி நேரம் ஓடியதில் துளித்துளியாகச் சேர்ந்து 0.34 விநாடி பிசகு. வந்த ஏவுகணையைத் தடுக்கத் தவறியதில் 28 வீரர்கள் இறந்தார்கள். நீண்ட நேரம் ஓடினால் குறி தவறும் என்று எச்சரிக்கை முன்பே போயிருந்தது. எவ்வளவு நேரம் என்று யாரும் எழுதவில்லை. திருத்திய மென்பொருள் வந்தது மறுநாள்.

நின்றுபோகிற மெஷினைவிட, தப்பாகவே ஓடுகிற மெஷின்தான் எனக்குப் பயம். "தேதி பின்னே போகிறது, நம்பாதீர்கள்" என்று பெட்டி ஒரு வரி காட்டியிருந்தால் போதுமே. பாட்டி விஷயமும் டோக்கன் மாதிரிதான். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரே எண். அதே எண் இரண்டாம் தடவை வந்தால் சர்வர் பணத்தைத் தொடாமல், முன்பு நடந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

கொண்டல், ராமேஸ்வரம்:
அடுத்த சுற்று எப்போது தம்பி?

நெட்டை_பனை, ராமநாதபுரம்:
2038 நவம்பர் 21, நம்ம நேரம் காலை ஐந்தரை. அன்றும் ஞாயிறுதான் அண்ணே.