மாரியில் பிறக்கப் போகும் பிள்ளைக்கு எந்தத் துணி நாப்பி நல்லது?

கேள்வி: கல்லடியிலிருந்து, முதற்பிள்ளைக்குக் காத்திருப்பவர்

வணக்கம். எனக்கு முதற்பிள்ளை நவம்பர் கடைசி வாரத்தில் பிறக்கும் என்று கிளினிக்கில் நாள் கணித்திருக்கிறார்கள். பிள்ளைக்குப் பெரும்பாலும் துணி நாப்பிதான் கட்டுவது என்று நானும் கணவரும் தீர்மானித்துவிட்டோம். எந்த வகையை, எத்தனை வாங்குவது என்பதில்தான் மூன்று வாரமாக முடிவுக்கு வர முடியவில்லை. அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து ஓரம் அடித்தால் போதும், உங்கள் மூவரையும் அப்படித்தான் வளர்த்தேன் என்கிறார் அம்மா. இணையத்தில் விற்பவர்களோ, உள்ளே பட்டை செருகும் பொக்கற் நாப்பியும், பட்டையோடு சேர்த்தே தைத்த நாப்பியும் பிறந்த நாளிலிருந்து இரண்டரை வயது வரை போதும் என்று எழுதுகிறார்கள். அவற்றில் ஒன்றின் விலைக்கு நல்ல பருத்தித் துணி பல யார் வாங்கலாம் என்பதால் தயங்குகிறேன்.

எங்கள் வீடு கடலுக்கு அண்மையில் இருக்கிறது. குடிப்பதற்குக் குழாய் நீர் உண்டு, ஆனால் துவைப்பது கிணற்று நீரில். கோடை முற்றினால் அந்தக் கிணறு உவர்க்கத் தொடங்கிவிடும். சலவை இயந்திரம் இல்லை. பிரசவ விடுமுறை முடிந்ததும் நான் படுவான்கரையிலுள்ள பாடசாலைக்குத் திரும்ப வேண்டும், அதன் பிறகு பகல் முழுவதும் பிள்ளை அம்மாவிடம்தான் இருக்கும். அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வாதம் இருப்பதால் கனத்த துணியைப் பிழிவதும் இறுக்கமான பிறஸ் பட்டன்களை அழுத்துவதும் அவருக்குச் சிரமம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை பிறக்கும் காலமே அடைமழைக் காலம். அனுபவப்பட்டவர்கள் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: களுவாஞ்சிகுடி, இரண்டு பிள்ளைகளின் தாய்

தங்கச்சி, உங்கள் கேள்வியின் கடைசியில் நீங்கள் சொன்ன அடைமழையைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். எவ்வளவு உறிஞ்சும், எவ்வளவு அழகாக இருக்கும் என்பதைப் பார்த்து நாப்பி வாங்கியவள் நான். நம் பக்கத்தில் நாப்பியைத் தெரிவு செய்ய வேண்டியது அது காயும் வேகத்தைப் பார்த்துத்தான் என்பதை இரண்டாவது பிள்ளையில்தான் கற்றுக்கொண்டேன். மூத்தவன் மே மாதத்தில் பிறந்தான். பட்டையோடு சேர்த்துத் தைத்த நாப்பிகள் கச்சான் காற்றில் அரை நாளில் காய்ந்துவிட்டதால், இதைவிட வசதி வேறில்லை என்று நினைத்தேன். இளையவள் டிசம்பரில் பிறந்தாள். அதே நாப்பிகள் இரண்டு நாள் கொடியில் தொங்கிய பிறகும் நடுவில் ஈரமாகவே இருந்தன, மூன்றாம் நாள் பூஞ்சண மணம் வீசியது. வெளிப்பக்கம் காய்ந்தது போலத் தோன்றுவதால் ஏமாந்து ஈரத்தோடு கட்டி, பிள்ளையின் தொடையிடுக்கு சிவந்து போனதும் உண்டு. கடைசியில் என் அம்மம்மா சொன்ன சதுரத் துணிக்கே திரும்பினேன்.

ஆகவே உங்கள் அம்மா சொல்வது சரி, ஆனால் அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒற்றை மடிப்புச் சதுரத் துணியைக் கட்டும்போது எட்டு மடிப்பாக்கலாம், கொடியில் போடும்போது மீண்டும் ஒற்றை மடிப்பாகிவிடும். அதனால்தான் மழைக்காலத்திலும் தாழ்வாரத்துக் காற்றிலேயே அது காய்கிறது, அவசரமென்றால் இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தும் காயவைத்துவிடலாம். பிழிவதற்கும் இலேசு என்பதால் உங்கள் அம்மாவின் விரல்கள் நோகா. முன்பு இதில் இருந்த ஒரே குறை, நனைந்ததும் ஏணையும் பாயும் தூக்கியவரின் மடியும் சேர்ந்து நனைவதுதான். இப்போது அதற்கு மேலுறை கிடைக்கிறது. பொலியூரத்தேன் பூசிய மெல்லிய பொலியெஸ்டர் துணியால் தைத்த அந்த மேலுறைக்குள் மடித்த துணியை நீளவாக்கில் வைத்து மூடினால் பின் குத்த வேண்டிய தேவையே இல்லை. பிறஸ் பட்டனுக்குப் பதிலாக ஒட்டுப்பட்டை வைத்த மேலுறையாகப் பார்த்து வாங்குங்கள், அம்மாவுக்கு அதுதான் வசதி. துவைக்கும்போது பட்டையை மூடிவிடாவிட்டால் மற்றத் துணிகளின் நூலை இழுத்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிறந்த நாளிலிருந்து இரண்டரை வயது வரை ஒரே அளவு போதும் என்று எழுதுவதை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டரை அல்லது மூன்று கிலோ எடையோடு பிறக்கும் பிள்ளையின் தொடை அவ்வளவு மெலிந்தது. எல்லாப் பட்டன்களையும் சுருக்கிப் போட்டாலும் தொடையைச் சுற்றி இடைவெளி விழுந்து அந்த வழியாகவே ஒழுகும். என் பிள்ளைகள் இருவருக்குமே ஏறத்தாழ இரண்டு மாதம் சென்ற பிறகுதான் அந்த அளவு பொருந்தியது. அதுவரை சிறிய மேலுறை மூன்றும், பிறகு பெரியது ஐந்தும் இருந்தால் சமாளிக்கலாம். மேலுறையில் மலம் படாதபோது துடைத்துக் காற்றாட விட்டு மறுமுறையும் பயன்படுத்தலாம்.

எண்ணிக்கையைக் கேட்டீர்கள். முதல் வாரங்களில் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை மாற்ற வேண்டி வரும். தினமும் துவைப்பவர் இருந்தாலும் மழையில் ஒரு நாள் பிந்தும் என்று வைத்துக்கொண்டு 30 சதுரத் துணிகள் வைத்திருங்கள். இதற்கு மேல் வெளியே போகும் நாட்களுக்கென்று மூன்று அல்லது நான்கு பொக்கற் நாப்பி போதும். பொக்கற் நாப்பியில் பட்டையை உருவித் தனியாகக் காயவைக்க முடிவதால், சேர்த்துத் தைத்ததைவிட அது மேல். பட்டை வாங்கும்போது மைக்ரோபைபர் பட்டையைப் பிள்ளையின் தோலில் நேரடியாகப் படும்படி வைக்காதீர்கள், தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுத்து வறளச் செய்துவிடும். பொக்கற்றுக்குள் இருக்கும்வரை அதனால் தொந்தரவில்லை. மூங்கில் பட்டையும் சணல் வகைப் பட்டையும் அதிகம் உறிஞ்சும், ஆனால் ஆறுதலாகக் காயும். அவற்றை இரவுக்கு மட்டும் இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கியதை நாலைந்து தடவை துவைத்த பிறகுதான் அவை முழு அளவில் உறிஞ்சத் தொடங்கும்.

கிணற்று நீரைப் பற்றி ஒரு சொல். உவர் ஏறிய கன நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் துணியில் படிந்துவிடும். படியப் படியத் துணி விறைக்கும், உறிஞ்சுவதும் குறையும், சிறுநீர் பட்டதும் மூக்கைத் துளைக்கும் மணமும் எழும். மாரியில் கூரையிலிருந்து வடியும் மழைநீரைப் பிடித்து அதில் கடைசி அலசல் செய்யுங்கள், கோடையில் அந்தக் கடைசி அலசலுக்கு மட்டுமாவது குழாய் நீரை ஒதுக்குங்கள். மழைநீர்ப் பீப்பாவை நுளம்பு புகாதபடி துணி கட்டி மூடி வையுங்கள், பிள்ளை இருக்கும் வீட்டில் டெங்கு பயம் சின்னதல்ல. துணியை மென்மையாக்கும் திரவத்தை நாப்பியில் ஒருபோதும் ஊற்ற வேண்டாம், அது நூலின் மேல் மெழுகு போலப் படிந்து நீரை உள்ளே விடாது.

பதில்: மருதமுனை, வீட்டில் தையல் செய்பவர்

மேலே ராத்தா சொன்னதோடு முழுமையாக ஒத்துப்போகிறேன். துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் நெசவு வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான், என் மூன்று பிள்ளைகளுக்கும் நானே தைத்தேன்.

எங்கள் ஊரில் கைத்தறித் துணி மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்துப் புதுச் சாரத்தை வெட்டிவிடாதீர்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், சாயமும் இருக்கும். கஞ்சி போகும்வரை அது நீரை உறிஞ்சாது, சாயம் முதல் சில அலசல்களில் இறங்கும். வெள்ளைப் பருத்தி மல் துணி அல்லது பல காலம் உடுத்து நைந்த வேட்டி, சேலை ஆகியவைதான் பச்சைப் பிள்ளையின் தோலுக்கு ஏற்றவை. துணி தயாராகிவிட்டதா என்பதை அறிய அதன் மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். முத்துப் போல உருண்டு நின்றால் இன்னும் துவைக்க வேண்டும், உடனே பரவி மறைந்தால் கட்டலாம். புதுப் பருத்தி சுருங்கும், ஆகவே வெட்டுவதற்கு முன்பே இரண்டு தடவை சுடுநீரில் நனைத்துக் காயவையுங்கள். ஒரு யார் சதுரம் வளர்ந்த பிள்ளைக்கும் போதும், பிறந்த பிள்ளைக்கு 24 அங்குலச் சதுரம் பத்துத் தைத்தால் மடிப்பு தடிப்பாக இராது. ஓரத்தை ஒடுக்கமாக ஒரு தையலோடு நிறுத்துங்கள், தடித்த ஓரம் காயவும் காயாது, தொடையையும் உரசும்.

மேலுறையையும் நீங்களே தைக்க விரும்பினால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். பருத்தி நூல் ஈரத்தை வெளியே இழுத்துவரும் என்பதால் பொலியெஸ்டர் நூலைப் பயன்படுத்துங்கள். கால்களுக்கு நடுவே வரும் பகுதியில் எந்தத் தையலும் குண்டூசித் துளையும் விழக்கூடாது, ஒழுகுவது அந்தத் துளை வழியாகத்தான். எங்கள் வீட்டில் தொழுகை உடுப்போடு நாப்பியைச் சேர்த்துத் துவைப்பதில்லை, முதலில் ஓடும் நீரில் நன்றாக அலசிவிட்டுத் தனி வாளியில்தான் போடுவோம். எந்த வீட்டுக்கும் நல்ல பழக்கம் அது.

பதில்: அம்பாறை, ஒரு தகப்பன்

எங்கள் வீட்டில் நாப்பி துவைத்தது பெரும்பாலும் நான்தான், ஆதலால் கேட்டவரின் கணவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். சுற்றுச்சூழலுக்காகத் துணியைத் தெரிவு செய்வோர் அறிய வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. பிரித்தானியச் சுற்றுச்சூழல் முகவரகம் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கான கரியமில வாயுக் கணக்கு வீசியெறியும் நாப்பிக்குச் சுமார் 550 கிலோகிராம் என்றும் அங்குள்ள வழக்கப்படி துவைக்கும் துணி நாப்பிக்குச் சுமார் 570 கிலோகிராம் என்றும் வந்தது. ஆனால் அதே ஆய்வு, இயந்திரத்தில் உலர்த்தாமல் கொடியில் காயவைத்து, இயந்திரம் நிறையத் துணி போட்டுத் துவைத்து, அடுத்த பிள்ளைக்கும் அதே துணியைக் கட்டினால் சுமார் 200 கிலோகிராம் குறையும் என்றும் காட்டியது. கையால் துவைத்துக் கொடியில் போடும் நமக்கு இரண்டாவது கணக்குத்தான் பொருந்தும். பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் இறந்த செய்தி 2022 ஜனவரியில் உலகமெங்கும் வந்தபோது எங்கள் மகளுக்கு ஐந்து மாதம். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டுக் குப்பைப் பையைக் கட்டும்போதெல்லாம் அது மனதில் வரும். அதற்காகப் பயணத்திலும் காய்ச்சல் வந்த இரவிலும் கடை நாப்பி கட்டியதை நாங்கள் குற்றமாக நினைக்கவில்லை, நீங்களும் நினைக்க வேண்டாம்.

பதில்: அக்கரைப்பற்று, ஓய்வுபெற்ற தாதி

மகள், நாப்பி எதுவானாலும் பகலில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறையும், மலம் கழித்தவுடனேயும் மாற்றினால் பாதித் தொல்லை வராது. தொப்புள்கொடி விழும்வரை நாப்பியின் மேல் விளிம்பை அதற்குக் கீழே மடித்துக் கட்டுங்கள், கொடியின் அடி உலர்ந்திருக்க வேண்டும். கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றும் வழக்கம் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. தவளையின் கால் போல விரிந்து மடங்க இடம் விடுங்கள். பவுடர் வேண்டாம், அது மூச்சோடு உள்ளே போகும். சிவந்தால் நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றுப் படவிட்டு, துத்தநாகக் களிம்பை மெல்லியதாகத் தடவலாம். களிம்பு துணியில் ஒட்டி உறிஞ்சாமல் செய்யும் என்பதால் இடையே ஒரு பழைய துணித் துண்டை வையுங்கள். தோல் மடிப்புக்குள் கடுஞ்சிவப்பாகி ஓரங்களில் சிறு புள்ளிகள் பரவினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். கொப்புளமோ காய்ச்சலோ இருந்தாலும் பொறுத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொன்று. வீட்டில் எடுத்து வைத்த பழைய பிள்ளைத் துணிகளை அலுமாரியில் பூச்சி உருண்டையோடு வைப்பது நம் பக்கத்து வழக்கம். அந்த உருண்டையில் உள்ள நெப்தலின், ஜீ6பீடீ என்ற நொதியம் குறைவாகப் பிறந்த பிள்ளைகளின் செங்குருதிக் கலங்களை உடைத்துக் கடுமையான மஞ்சட்காமாலையை உண்டாக்கும். பிள்ளைக்கு அந்தக் குறை உண்டா என்பது பிறந்தவுடன் பார்த்துத் தெரிவதல்ல. ஆகவே அந்த மணம் ஏறிய துணி எதையும் பிறந்த பிள்ளைக்குக் கட்டாதீர்கள், போர்த்தவும் வேண்டாம்.

கேட்டவர் மீண்டும்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 30 சதுரத் துணி, ஒட்டுப்பட்டை வைத்த மேலுறைகள், நான்கு பொக்கற் நாப்பி என்று முடிவெடுத்துவிட்டோம். தாதி அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எழுதியதை வாசித்ததும் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். அம்மா எடுத்து வைத்திருக்கும் ஆறு வேட்டிகளுக்கு நடுவிலும் அந்த உருண்டைகள்தான் இருக்கின்றன. துவைத்தால் போய்விடுமா?

பதில்: அக்கரைப்பற்று, ஓய்வுபெற்ற தாதி

உருண்டைகளை இன்றே வெளியே எடுத்து, வேட்டிகளைச் சலவைத் தூளில் துவைத்து, ஒரு வாரம் வெயிலிலும் காற்றிலும் போட்டு, மீண்டும் துவையுங்கள். மழை தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. பிறகு அவற்றை ஒரு பையில் கட்டி இரவு முழுவதும் வைத்து, காலையில் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். சற்றேனும் மணம் வந்தால் தரை துடைக்க வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு மருதமுனைத் தங்கை சொன்ன மல் துணியையே வாங்கித் தையுங்கள். பிள்ளையின் உடுப்புகளை இனி அந்த அலுமாரியில் வைக்க வேண்டாம். மூடியுள்ள வேறொரு பெட்டியில் வையுங்கள்.