போர்ட் லூயியை விட்டுக் காத்போர்னுக்குக் குடிபோகலாமா?

சாந்த்குருவா_வாசி:

வணக்கம். எங்கள் வீட்டில் வெகு நாளாக இழுபடும் பேச்சு ஒன்றை இங்கே வைக்கிறேன். மொரீஷியஸுக்குள்ளேயே இடம் மாறியவர்கள் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

நாங்கள் போர்ட் லூயியில், சாந்த் குருவாவில், அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறோம். எனக்குத் துறைமுகத்துப் பக்கம் வேலை. மனைவிக்கு எபேனில். மகள் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. மனைவி காலையில் பேருந்து பிடித்து நகரத்துக்குள் வந்து, மெட்ரோ ஏறி, ரோஸ் ஹில்லில் மாறி எபேன் போகிறாள். சாயங்காலம் அதே வழி. குளிர்காலத்தில் வீட்டுக்குள் நுழையும்போது இருட்டிவிடும். 2024 ஜனவரி 15, பெலால் புயலன்று நகரத்துக்குள் தண்ணீர் புகுந்து கார்களை இழுத்துக்கொண்டு போனதே, அன்று திரும்பும் வழியில் மாட்டிக்கொண்டாள். அதிலிருந்து மேட்டுநிலத்தில் இருக்கும் காத்போர்னுக்குப் போய்விடலாம் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். அம்மா இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. இந்த வீட்டை விற்று அங்கே ஓர் அடுக்குமாடி வீடு வாங்கலாமா, இங்கேயே இருந்துவிடலாமா?

மலையடிவாரம்:

தம்பி, வந்துவிடுங்கள். நான் பிறந்தது போர்ட் லூயி, வாழ்க்கைப்பட்டது காத்போர்ன். இரண்டையும் பார்த்தவள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் வெயில். நவம்பரில் கோடை பிறந்தால் போர்ட் லூயியில் இரவிலும் சுவர் சுடும். மலைகள் சுற்றி வளைத்து நிற்பதால் காற்றும் வராது. இங்கே கோடையிலும் விடியற்காலையில் போர்வை தேடுவீர்கள். அடுத்தது, நடந்தே முடிக்கக்கூடிய ஊர் இது. புதன், சனியில் காய்கறிச் சந்தை, வியாழன், ஞாயிறில் துணிச் சந்தை. புதன்கிழமை காலை சீக்கிரம் போனால் முருங்கைக்கீரைக் கட்டு, பிஞ்சு சௌசௌ, அப்போது பறித்த கொத்தமல்லி எல்லாம் ஈரத்தோடு கிடைக்கும். கீரைக்காரருக்கு நம் முகம் தெரிந்துவிட்டால் கேட்காமலே ஒரு பிடி கறிவேப்பிலை கட்டோடு வரும். கண்டோஸில் விக்டோரியா மருத்துவமனை இருக்கிறது, முழங்காலுக்குக் காட்ட அம்மாவைத் தூரம் அலைக்க வேண்டியதில்லை.

கோயிலைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். கோர் தெ கார்த் மலையடியில் முருகன் இருக்கிறான். தைப்பூசத்துக்கு எங்கிருந்தெல்லாமோ காவடி எடுத்துக்கொண்டு இங்கேதான் வருகிறார்கள். எங்களுக்கு வாசலில் இருக்கிறது.

கைலாசத்தெரு:

சாந்த்குருவா தம்பிக்கு. அம்மா வாய் திறப்பதில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது.

நீங்களும் மனைவியும் வேலைக்குப் போவீர்கள், பிள்ளை பள்ளிக்குப் போகும். அந்த வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போவது அம்மா மட்டும். இப்போது அவர் காலையில் கைலாசம் கோயிலுக்கு, அதான் நம் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு, மெதுவாக நடந்தாவது போய்விடுவார் என்று நினைக்கிறேன். வழியில் நாலு பேர் நிறுத்திப் பேசுவார்கள். ஒரு நாள் காணவில்லை என்றால் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில், கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாமல் அவர் என்ன செய்வார்? மலையடிவாரம் அம்மா சொல்லும் சந்தையும் கோயிலும் காலில் பலம் உள்ளவர்களுக்கு. மலைக்கோயில் படியை முழங்கால் வலியோடு ஏறச் சொல்கிறீர்களா?

வெள்ளத்துக்கும் வருகிறேன். 2013 மார்ச் 30 வெள்ளத்தில் இந்த நகரத்தில் 11 பேர் செத்தார்கள். அந்த நாளை நான் லேசாகப் பேச மாட்டேன். ஆனால் தண்ணீர் ஊர் முழுக்க ஒரே மாதிரி ஏறவில்லை. பள்ளத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் சுரங்க நடைபாதையிலும்தான் உயிர் போனது. உங்கள் தெரு எந்தப் பக்கம் சரிகிறது, மழைநீர் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் ஊரையே விட்டுப் போவது பயத்தில் எடுக்கும் முடிவு.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. 1860களில் இங்கே மலேரியா பரவியபோது வசதியுள்ளவர்கள் எல்லோரும் மேட்டுக்கு ஏறினார்கள். ரயிலும் அப்போதுதான் வந்தது. ஏற முடியாமல் இங்கேயே தங்கியவர்கள்தான் இந்தக் கோயில்களுக்கு விளக்கு ஏற்றினார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு குடும்பமாக ஏறிக்கொண்டே இருந்தால் புரட்டாசிச் சனிக்கிழமைக்கு இலை போட ஆள் எங்கே?

எபேன்_கணினி:

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் கோயிலைக் காப்பாற்றும் பொறுப்பை எபேனில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் தலையில் வைக்காதீர்கள். அவர்தான் தினமும் இருட்டில் பேருந்துக்கு நிற்கிறார்.

நான் மதுரையிலிருந்து வேலைக்கு வந்தவன், காத்போர்னில் வாடகைக்கு இருக்கிறேன். மெட்ரோவைப் பற்றி ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். 2020 தொடக்கத்தில் போர்ட் லூயியிலிருந்து ரோஸ் ஹில் வரை ஓட ஆரம்பித்தது, 2021இல் காத்போர்ன் வந்தது, 2022இல் குரேபிப். எபேன், ரெதுய் போகும் கிளை ரோஸ் ஹில்லில் பிரிகிறது. அதனால் காத்போர்னும் எபேனும் பக்கத்துப் பக்கத்து ஊராக இருந்தாலும் மெட்ரோவில் போனால் ரோஸ் ஹில்லுக்குத் திரும்பிப் போய் மாறித்தான் வர வேண்டும். நான் பேருந்தில் போகிறேன், அல்லது அலுவலக நண்பர் காரில். அப்படியும் உங்கள் மனைவிக்கு இப்போது ஆகும் நேரத்தில் பாதிகூட ஆகாது.

உங்கள் பக்கம்தான் யோசிக்க வேண்டும் அண்ணா. இனி நீங்கள் தினமும் கீழே இறங்க வேண்டும். காலையில் போர்ட் லூயி போகும் வண்டியில்தான் கூட்டம் அதிகம். மனைவி இத்தனை நாள் பட்டதை நீங்கள் கொஞ்சம் எடுத்துக்கொள்வீர்கள், அவ்வளவுதான். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

குரேபிப்_பனி:

மேட்டுக்குளிர் மேட்டுக்குளிர் என்கிறீர்களே, அந்த ஈரத்தைப் பற்றியும் சொல்லுங்கள். குரேபிப் அளவுக்குக் காத்போர்னில் மழை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஜூலை, ஆகஸ்ட்டில் துவைத்த துணி காயாது, அலமாரிக்குள் பட்டுப்புடவையில் பூஞ்சை படரும். முழங்கால் வலிக்காரருக்கு இந்த ஈரம் ஒத்துக்கொள்ளுமா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தண்ணீரும் அப்படித்தான். வறண்ட மாதங்களில் குழாயில் சில மணி நேரம்தான் வரும். எங்கள் வீட்டில் மொட்டைமாடித் தொட்டி இல்லாமல் அக்டோபரைத் தாண்டியதே இல்லை. அடுக்குமாடி என்றால் தொட்டி யாருடையது, மோட்டார் செலவு யாருடையது என்று முன்கூட்டியே கேளுங்கள்.

தமிழ்_ஆசிரியை:

மகள் ஐந்தாம் வகுப்பு என்று படித்ததும் எழுத உட்கார்ந்தேன். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

ஆறாம் வகுப்பு முடிவில் பிஎஸ்ஏசி தேர்வு. அப்புறம் ஏழாம் வகுப்புக்குப் போகும்போது நாடு நான்கு மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. போர்ட் லூயியும் வடக்கும் முதல் மண்டலம். காத்போர்ன், வாக்குவா-ஃபீனிக்ஸ், மேற்குக் கரை நான்காவது. தேர்வு முடிவு, பெற்றோர் விருப்பம், வீடு எவ்வளவு பக்கம் என்பதை வைத்து இடம் தருகிறார்கள். நீங்கள் வீடு மாறினால் மகள் எந்தக் கல்லூரிகளுக்கு (ஏழாம் வகுப்பிலிருந்து படிக்கும் பள்ளியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) விண்ணப்பிக்கலாம் என்ற பட்டியலே மாறிவிடும். காத்போர்ன் பக்கம் நல்ல பள்ளிகள் உண்டு, அதனால் அது தீமை என்று நான் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பின் நடுவில் மட்டும் பிள்ளையைப் பிடுங்கி நடாதீர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் மாறுங்கள், இல்லாவிட்டால் தேர்வு முடியட்டும்.

தமிழ்ப் பாடத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பள்ளியிலும் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் போதுமான எண்ணிக்கையில் இருப்பதில்லை. சில இடங்களில் இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துத்தான் நடத்துகிறோம். சேர்ப்பதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் நேராகப் போய், தமிழுக்கு ஆசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள். பிள்ளை நாலு வருடம் படித்த தமிழ் ஒரு இடமாற்றத்தில் நின்றுபோவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது தாங்கவே முடியாத விஷயம்.

மலையடிவாரம்:

கைலாசத்தெரு ஐயாவுக்கு. மலைக்கோயில் படி ஏற முடியாதவர்கள் கீழே நின்று கும்பிடுகிறார்கள், அவர்களைக் கைப்பிடித்து உட்கார வைக்கவும் ஆள் இருக்கிறார்கள். என் மாமியார் கடைசிவரை அப்படித்தான் வந்தார். மூன்றாம் தளத்தில் அடைத்துவைப்பதாக நீங்களே ஏன் முடிவுகட்டுகிறீர்கள்? தரைத்தளத்தில், முன்னால் நாலு செடி வைக்க இடமுள்ள வீடுகள் பெல் ரோஸ் பக்கம் இன்னும் இருக்கின்றன. அங்கே பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாமல் யாரும் இருப்பதில்லை.

விற்பதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் நான் ஐயா பக்கம். சொட்னாக் பக்கம் புதிது புதிதாகக் கட்டடம் எழும்புகிறது, விலையும் கூடவே ஏறுகிறது. சாந்த் குருவாவில் தனி வீட்டை விற்ற காசுக்கு இங்கே இரண்டு படுக்கையறைதான் வரும். அதுவும் மண் இல்லாமல்.

கைலாசத்தெரு:

அம்மா, அந்தக் கடைசிப் பத்திக்கு நன்றி. எபேன் தம்பி சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெண் படும் பாடு எனக்குப் புரியாமல் இல்லை, என் மகளும் அதே வழியில்தான் போய்வந்தாள். நான் கேட்பது, ஒருவருடைய கஷ்டத்தை எடுத்து இன்னொருவர் மடியில் வைத்துவிட்டு முடிந்தது என்று சொல்லாதீர்கள் என்பதுதான். உங்கள் மனைவி வாய்விட்டுச் சொல்கிறார். அம்மா சொல்லவில்லை. அதனால் சொல்பவரின் கணக்கு மட்டும் பார்க்கப்படுகிறது.

சாந்த்குருவா_வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன். "வீட்டை விக்காதே. சாமி ரூமைப் பூட்டிப் போடாதே. மத்தபடி அவ தினமும் இருட்டுல வர்றதைப் பாத்துக்கிட்டு நான் இங்க இருக்கணும்னு சொல்ல மாட்டேன்" என்றார். மனைவியும் பக்கத்தில்தான் இருந்தாள்.

அதனால் விற்பதில்லை என்று தீர்ந்துவிட்டது. என் சித்தப்பா மகன் கல்யாணமாகி வாடகை வீட்டில் இருக்கிறான், அவன் இங்கே வந்து இருந்துகொள்வான், விளக்கும் ஏற்றுவான். நாங்கள் இந்தப் பள்ளி ஆண்டு முடிந்ததும் காத்போர்னில் தரைத்தள வீடு ஒன்று வாடகைக்கு எடுக்கிறோம். மகள் ஆறாம் வகுப்பை அங்கே தொடங்குவாள். தமிழ் உள்ள பள்ளியாகப் பார்த்த பிறகுதான் வீடு. சனிக்கிழமை அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிவருவது என் பொறுப்பு.

கைலாசத்தெரு:

வாடகைக்கு என்று போகிறவர்கள் பழகிவிட்டால் திரும்புவதில்லை, இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். என் கருத்து மாறவில்லை. ஆனால் அம்மாவைக் கேட்டீர்கள், அது போதும் எனக்கு. சனிக்கிழமை நான் பெரும்பாலும் பிரகாரத்தில்தான் இருப்பேன். வரும்போது கூப்பிடுங்கள்.

எபேன்_கணினி:

அண்ணா, வீட்டுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் உள்ள தூரத்தை அண்ணி நடந்து பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். சேன் ழான் சாலையில் சாயங்காலம் வண்டிகள் நகரவே நகராது, அதைக் கடந்துதான் வர வேண்டும் என்றால் அந்த வீடு வேண்டாம்.

மலையடிவாரம்:

தம்பி, வீடு பார்க்க மழை நாளில் வாருங்கள், வெயில் நாளில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். அலமாரிக் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஈரவாடை வந்தால் எத்தனை புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தாலும் கிளம்பிவிடுங்கள். கழிவறைக்குப் படி இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்த வீட்டுக்காரர் விடுவாரா என்று அம்மா முன்னாலேயே கேளுங்கள். புதன்கிழமை காலை என்றால் நான் சந்தையில்தான் இருப்பேன், கூட வருகிறேன்.