தலைப்பு ‘கண்ணாடி’: ஒரு விளிம்பு மட்டும் மின்னமாட்டேங்குது, உதவுங்க

நண்பர்களே, வணக்கம். வாரம் ஒரு தலைப்புன்னு 52 வாரப் புகைப்படச் சவாலை எடுத்துட்டு, ஆறாவது வாரத்துலயே முட்டிக்கிட்டு நிக்கறேன். கறுப்புப் பின்னணியில ஒரு காலி டம்ளர், அதோட விளிம்பு மட்டும் வெள்ளிக் கோடு மாதிரி மின்னணும். அவ்வளவுதான் ஆசை.

இருக்கறது ஒரு ஃப்ளாஷ், ஒரு டார்ச், ட்ரைபாட். டம்ளருக்குப் பின்னால கறுப்பு அட்டை, அதுக்கும் பின்னால வெளிச்சத்தைப் பரப்ப ட்ரேசிங் பேப்பர், கடைசியா ஃப்ளாஷ். அட்டை ஃப்ரேமை நிரப்பணும், அதைச் சுத்தி மட்டும் வெளிச்சம் கசியணும்னு தெரியும். இடது விளிம்பு அழகா வருது. வலது பக்கம் பாதியில செத்துப்போகுது. அட்டையைச் சின்னதாக்கினா படத்தோட ஓரம் வெளுத்துடுது.

விளக்கையெல்லாம் அணைச்சுட்டு, கேமரா ஷட்டரைத் திறந்து வச்சு டார்ச் வெளிச்சத்தை விளிம்புல ஓட்டி வரைஞ்சும் பார்த்தேன்: ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப் 8, ஷட்டர் 15 விநாடி. கோடு வந்துச்சு. கூடவே என் சட்டைப் பொத்தானும் டம்ளர்ல வந்துடுச்சு. (சட்டை கறுப்புதான், பொத்தான் வெள்ளை!) தூசியைப் பத்திப் பேசவே வேணாம், துடைக்கத் துடைக்கத் துணியோட பஞ்சு ஒட்டுது.

டம்ளரை அட்டையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கறீங்க? ரெண்டு படத்தை ஒட்டக்கூடாதுன்னு சவால்ல விதி இருக்கு. ஆனா ஷட்டர் திறந்திருக்கறப்பவே ஃப்ளாஷைக் கையில எடுத்து இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு அடிச்சா ஒரே படம்தானே? அப்படிச் செஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? ஞாயிறு ராத்திரிக்குள்ள படம் போடணும். எதை எங்க வைக்கணும்னு பேப்பர்ல கிறுக்கி அனுப்பினாலும் போதும்.