ஆட்குறைப்பை ஏன் நேராக எழுதுவதில்லை?

ஓஎம்ஆர்வாசி:
போன மாசம் எங்க கம்பெனியில் ஒரு மெயில்: "ரிசோர்ஸ் ஆப்டிமைசேஷனுக்காக டீம்களை ரீஅலைன் செய்கிறோம்." டீம் மாற்றுவாங்க போலன்னு நினைச்சு, பக்கத்து சீட் நண்பர் அந்த வாரமே வீட்டு லோனில் கையெழுத்துப் போட்டார். மூணாவது வாரம் அவருக்கு வேலை இல்லை. "ஆட்களைக் குறைக்கப் போறோம்"னு எழுதியிருந்தா போட்டிருப்பாரா?

மனிதவளம்12:
நண்பருக்கு நடந்தது கொடுமை. ஆனா ஹெச்ஆரில் இருக்கிறவளா சொல்றேன், ஏமாத்தணும்னு யாரும் எழுதுறதில்லை. அந்த மெயில் போகும்போது பட்டியலே முடிவாகியிருக்காது. பச்சையா எழுதினா நல்ல ஆட்கள்தான் முதல்ல பேப்பர் போடுவாங்க. லீகலும் விடாது.

கணக்கன்:
லீகல் மேல பழி வேண்டாம் மேடம். 1947 தொழில் தகராறு சட்டம் (2025 நவம்பர் வரைக்கும் அமலில் இருந்தது) ஆட்குறைப்பை எவ்வளவு நேரா பேசிச்சு பாருங்க: ஒரு மாச நோட்டீஸ், முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். (ஐடிக்காரங்களுக்கு அது பொருந்துச்சாங்கிறது தனி வழக்கு.) பட்டியல் முடிவாகாததும் காரணமில்லை. 2014 ஜூலையில் மைக்ரோசாஃப்டில் ஸ்டீபன் எலோப் அனுப்பின மெயில் "ஹலோ தேர்"னு ஆரம்பிச்சு, போன், உத்தின்னு பத்தி பத்தியாப் போகும். 12,500 பேருக்கு வேலை போகும்ங்கிறது அதுக்கெல்லாம் பிறகுதான் வரும். எண் கையில் இருந்துமே அப்படி.

பேலன்ஸ்ஷீட்:
அதுக்காக எல்லா துறைச்சொல்லையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. எபிட்டான்னா வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிக்கிறதுக்கு முந்தைய லாபம். ஒரே சொல்லில் முடியுது. வெளியாளுக்குப் புரியலைன்னு அதை விட முடியுமா?

கணக்கன்:
விட வேண்டாம், நானும் தினம் எழுதுறேன். எபிட்டா எவ்வளவுன்னு கேட்டா ஒரு எண் வரும். ரீஅலைன் ஆகிறது எத்தனை பேர்னு கேட்டா அந்தச் சொல்லில் பதில் இருக்கா? எனக்குச் சண்டை இந்த ரெண்டாவது வகையோடதான்.

மனிதவளம்12:
சரி, ரீஅலைனை நானும் தூக்கிடறேன். எண்ணே தெரியாத அன்னிக்கு நான் என்ன எழுதணும்? அதைச் சொல்லுங்க.

ஓஎம்ஆர்வாசி:
"ஆட்குறைப்பு இருக்கும். எத்தனை பேர்னு இன்னும் முடிவாகலை. 20-ம் தேதி சொல்றோம்." இவ்வளவுதான் மேடம். 20-ம் தேதி வரைக்கும் அவர் பேங்க் பக்கமே போயிருக்க மாட்டார்.