அம்மாவோடு யோக்யகர்த்தா, நான்கு நாள்: போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

தக்கலைக்காரன்:
வணக்கம் மக்களே. ஜூலையில் நானும் மனைவியும் அம்மாவும் ஜாவாவில் யோக்யகர்த்தா போகிறோம். திருவனந்தபுரத்தில் ஏறி கோலாலம்பூரில் மாறுகிற மாதிரி டிக்கெட் போட்டாயிற்று, நான்கு இரவு. அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி, சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். பிரம்பனான் சிவன் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அங்கே அகத்தியர் சிலை இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவரிடம் இதைச் சொன்னால் கேட்கவா வேண்டும். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படிப் போவது, போரோபுதூர் பௌத்தக் கோபுரத்தில் அம்மா ஏற முடியுமா, சாப்பாட்டுக்கு என்ன வழி, அங்கே செய்யக்கூடாதது ஏதும் உண்டா? யூடியூபில் எல்லோரும் ட்ரோனைப் பறக்கவிட்டு மலையைக் காட்டுகிறார்கள், ஒரு சோற்றுக்கடையைக் காட்டுவேனா என்கிறார்கள்.

பார்வதிபுரம்_அக்கா:
தம்பி, நாங்கள் போய்வந்து இரண்டு வருடம் ஆகிறது, மாமியாரையும் கூட்டிக்கொண்டுதான் போனோம். புது விமான நிலையம் ஊருக்குள் இல்லை, மேற்கே குலோன் ப்ரோகோவில் இருக்கிறது, ஏறக்குறைய நாகர்கோவிலுக்கும் குழித்துறைக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். டாக்ஸிக்காரர்கள் கூப்பிடுவார்கள், திரும்பிப் பார்க்காமல் ரயில் ஏறுங்கள், 40 நிமிடம் போல ஆகும், துகு ஸ்டேஷனில் இறங்கினால் மாலியோபோரோ கடைத்தெரு பக்கத்திலேயே. அங்கே அறை எடுத்தால் அம்மாவுக்கு நடை மிச்சம். ஊருக்குள் சுற்ற போனில் வண்டி கூப்பிடும் கிராப், கோஜெக் இரண்டும் உண்டு. விசா போய் இறங்கியும் வாங்கலாம், 5 லட்சம் ரூபியா, 30 நாள். தொகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அங்கே காசுக்குப் பூஜ்யம் ஜாஸ்தி.

போரோபுதூர் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர். கோபுரத்தின் மேலே ஏற ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அதற்கு டிக்கெட் தனி, முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும், கல் தேயக்கூடாது என்று அவர்களே ஒரு செருப்பும் தருவார்கள். மேலே ஏறாமல் சுற்றிப் பார்க்க வேறு டிக்கெட். அம்மாவுக்கு அதையே எடுங்கள். படி அவ்வளவு செங்குத்து, என் மாமியார் பாதியில் உட்கார்ந்துவிட்டார், இறக்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

முழங்காலைப் பிரம்பனானுக்கு மிச்சம் வையுங்கள். சிவன் கோயிலில் நான்கு பக்கமும் நான்கு அறை, கிழக்கே சிவன், தெற்கே அகத்தியர், மேற்கே பிள்ளையார், வடக்கே துர்க்கை. ஆனால் அகத்தியரைப் பார்க்கவும் படி ஏறியே ஆக வேண்டும். போகிற அன்று மேலே விடுகிறார்களா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருட்டு, போனில் டார்ச் அடித்தோம், தாடியும் தொந்தியுமாக நம்ம ஊர் சாமியார் ஒருவர் நிற்பது போல இருந்தது. பூசை கிடையாது, விளக்கு கிடையாது, அம்மா அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளட்டும். ஜூலை என்றால் மழை இருக்காது, ராத்திரி கோயில் பின்னால் தெரிய திறந்தவெளியில் ராமாயண நாட்டியம் நடக்கும். வாரத்தில் சில நாள்தான், தேதி பார்த்து வையுங்கள். வசனமே கிடையாது, ஆனால் அனுமன் வாலில் தீ வைக்கும்போது யாருக்குத்தான் கதை தெரியாது.

குலசேகரம்_சக்கை:
வேலை விஷயமாக ஒன்றரை வருடம் அங்கே இருந்தவன் சொல்கிறேன், சாப்பாட்டில்தான் அம்மா மாட்டுவார். அந்த ஊரின் பெருமை குடெக். வேறொன்றும் இல்லை, நம்ம இடிச்சக்கைதான் (பலாப்பிஞ்சு), துவரனுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் தேக்கிலையும் போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள், சிவப்பும் பழுப்புமாக இனிப்பாக இருக்கும். சைவம் என்று நினைத்து ஆவலாக உட்காராதீர்கள். பெரும்பாலும் முட்டையும் கோழியும் கூடவே வரும், ஓரத்தில் காரமாக வைக்கிற கிரெச்செக் மாட்டுத்தோல். நான் முதல் நாள் அதைச் சோயா என்று நினைத்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், எனக்குப் பரவாயில்லை, உங்கள் அம்மாவுக்கு?

அடுத்த வில்லன் தெராசி, அதாவது இறால் பொடித்து நொதிக்க வைத்த கட்டி. பார்க்க வெறும் மிளகாய்ச் சட்னி போல இருக்கும் சம்பலில் அது கலந்திருக்கும். "தன்பா தெராசி" என்றால் தெராசி இல்லாமல். "திடாக் மகான் டாகிங், இகான், தெலூர்" என்று இறைச்சி, மீன், முட்டை மூன்றையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், ஒரு தாளில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது. சோறு, பொரித்த தெம்பே (நொதிக்க வைத்த சோயாக் கட்டி), தாஹு (நம்ம டோஃபு) எங்கேயும் கிடைக்கும். ஒரு பாட்டில் ஊறுகாய் கையில் இருக்கட்டும். டீ கேட்டால் சர்க்கரையைக் கொட்டித் தருவார்கள், "தே தாவார்" என்றால் வெறும் டீ. ராத்திரி துகு ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டிக் கடையில் கோப்பி ஜோஸ் குடித்துப் பாருங்கள், காபியில் தணலாக இருக்கும் கரித்துண்டை இடுக்கியால் எடுத்து அப்படியே போடுவான், ஜோஸ் என்று சத்தம் வரும், அதுதான் பெயர்.

பழக்கவழக்கம் பெரிய கஷ்டமில்லை. இடது கையால் கொடுக்காதீர்கள், விரலை நீட்டி ஆளைக் காட்டாதீர்கள், அங்கே கட்டைவிரலால்தான் காட்டுவார்கள். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது குறுக்கே போனால் கொஞ்சம் குனிந்து வலது கையைத் தாழ்த்தி "நுவுன் செவு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சத்தம் போட்டுப் பேரம் பேசினால் சிரிப்பார்கள், ஆனால் விலை இறங்காது. சுல்தானைப் பற்றி விளையாட்டாகக்கூடப் பேச வேண்டாம், அவர்தான் அந்த மாகாணத்துக்கு ஆளுநரும். அரண்மனையைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், திங்கள்கிழமை வைக்காதீர்கள்.

குளச்சல்_கரைமடி:
ஒன்றே ஒன்று. பாராங்த்ரிதிஸ் கடற்கரைக்குப் போனால் காலை நனைப்பதோடு நிறுத்துங்கள். நேர் தெற்கே திறந்த கடல், அலை திரும்பும்போது உள்ளே இழுக்கும். நம்ம லெமூர் கடற்கரையில் 2024 மே மாதம் மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே பச்சைத் துணி உடுத்திக் கடலுக்குப் போகக்கூடாது என்பார்கள், தென்கடல் ராணி கூட்டிக்கொண்டு போய்விடுவாளாம். நம்புகிறீர்களோ இல்லையோ, அவர்கள் மனம் நோக வேண்டாம். கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு அம்மை நிற்பது நமக்கு ஒன்றும் புதுசில்லையே.

பார்வதிபுரம்_அக்கா:
மறந்துவிட்டேன். மாலியோபோரோவில் யாராவது நன்றாக இங்கிலீஷ் பேசிக்கொண்டே, மாணவர்களின் பாத்திக் (மெழுகால் வரைந்து சாயமேற்றிய துணி) கண்காட்சி, இன்றுதான் கடைசி நாள் என்று கூப்பிட்டால் போகாதீர்கள். நான் போனேன். கையால் வரைந்தது என்று வாங்கிவந்ததைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெளிறிக் கிடந்தது, அச்சடித்த துணி. மெழுகில் கையால் வரைந்ததென்றால் இரண்டு பக்கமும் சாயம் ஒன்றுபோல இருக்கும்.

தக்கலைக்காரன்:
அக்கா, அண்ணன்மாரே, ரொம்ப நன்றி. அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து பச்சைப் புடவையை எடுத்து வெளியே வைத்துவிட்டார். இப்போது அவருக்கு ஒரே கவலை, காபிக்குக் கருப்பட்டி இரண்டு வட்டு கொண்டுபோகலாமா, ஏர்போர்ட்டில் பிடுங்குவார்களா?

குலசேகரம்_சக்கை:
சுமக்க வேண்டாம். பெரிங்ஹார்ஜோ சந்தையில் "குலா ஜாவா" என்று கேளுங்கள். பனை இல்லை, தென்னம்பதநீரில் காய்ச்சியது, ஆனால் அவனும் சிரட்டையில்தான் ஊற்றி எடுக்கிறான்.