அமெரிக்கத் தேர்தலில் நேரில் கண்டவை: குழு உறுப்பினர்கள் இருவரின் அனுபவப் பகிர்வு

முதல் உறுப்பினர், பென்சில்வேனியா:

குடியுரிமை கிடைத்த பிறகு வந்த முதல் அதிபர் தேர்தலில், 2020 நவம்பர் 3 அன்று, பிலடெல்பியாவுக்கு வெளியே ஒரு வாக்குச்சாவடியில் ஊழியராகப் பணியாற்றினேன். காலை 7 மணிக்குக் கதவைத் திறக்குமுன், எல்லா வேட்பாளர்களுக்கும் பூஜ்யம் என்று காட்டிய நீண்ட காகிதச் சுருளை வாக்கு எண்ணும் ஸ்கேனரிலிருந்து எடுத்து, இரு கட்சிகளையும் சேர்ந்த ஊழியர்கள் அதில் கையெழுத்திட்டோம்.

பத்து மணி வாக்கில் கைத்தடி ஊன்றியபடி ஒரு முதியவர் வந்தார். அவருக்குத் தபால் வாக்குச்சீட்டு அனுப்பப்பட்டிருப்பதாகப் பட்டியலில் குறிப்பு இருந்தது. அந்தச் சீட்டையும் உறைகளையும் கொண்டுவந்து ஒப்படைத்திருந்தால், மற்றவர்களைப் போலவே அங்கு வாக்களித்திருக்கலாம். ஆனால், தபாலில் அனுப்பினால் எண்ணமாட்டார்கள் என்று தொலைக்காட்சியில் கேட்டதாகச் சொல்லி, அவர் அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். தற்காலிக வாக்குச்சீட்டைக் கொடுத்து, தபாலில் வாக்களிக்கவில்லை என்பதைக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) அலுவலகம் சரிபார்த்த பிறகு இது எண்ணப்படும் என்று விளக்கினேன். "என் ஓட்டு சேருமா?" என்று மூன்று முறை கேட்டார். உறையின் மேல் கையெழுத்திடும்போது அவருடைய விரல்கள் நடுங்கின.

அந்த மாநிலச் சட்டப்படி, தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் தபால் உறைகளைப் பிரிக்கவே கூடாது. ஏறத்தாழ 26 லட்சம் தபால் வாக்குகள் வந்திருந்தன. முடிவு தாமதமானதற்கு இதுவே முதன்மைக் காரணம். நவம்பர் 7, சனிக்கிழமைதான் அசோசியேட்டட் பிரஸ் வெற்றியாளரை அறிவித்தது. செய்தி நிறுவனம் எப்படித் தேர்தல் முடிவை அறிவிக்கலாம் என்று மதுரையிலிருந்து என் சித்தப்பா தொலைபேசியில் கேட்டார். நம் ஊர்த் தேர்தல் ஆணையத்தைப் போல நாடு முழுவதற்கும் முடிவை அறிவிக்கும் அமைப்பு இங்கு இல்லை; ஒவ்வொரு மாநிலமும் தானே எண்ணிச் சான்றளிக்க வேண்டும், அதற்குப் பல வாரங்கள் ஆகும் என்றேன். இடைப்பட்ட அந்த நான்கு நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. சட்டம் சொன்ன நேரத்தில் உறை பிரித்தவர்களைச் சில நிகழ்ச்சிகளில் திருடர்களைப் போலப் பேசினார்கள்.

இரண்டாம் உறுப்பினர், தெற்கு நியூ ஜெர்சி:

எங்கள் வீட்டிலும் பிலடெல்பியா சேனல்கள்தாம் வருகின்றன. ஆகவே 2024-இல், எங்களுக்குத் தொடர்பே இல்லாத பென்சில்வேனியா செனட் தேர்தலின் விளம்பரங்களை இரவுச் செய்தியின் ஒவ்வோர் இடைவேளையிலும் பார்த்தோம். என்னிடம் இருப்பது கிரீன் கார்டு. வாக்களிக்க முடியாது, நன்கொடை கொடுக்கலாம். ஒரு வேட்பாளருக்கு 250 டாலர் கொடுத்தபோது என் தொழிலையும் நிறுவனத்தின் பெயரையும் கேட்டார்கள். 200 டாலரைத் தாண்டினால் அவ்விவரங்கள், தேர்தல் நிதியைக் கண்காணிக்கும் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் வெளியாகும் என்பது, உடன் பணிபுரியும் ஒருவர் என் பெயரை அங்கே பார்த்ததாகச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அதில் எனக்கு வருத்தமில்லை, தெரியத்தான் வேண்டும். ஆனால் தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,300 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அன்று உச்சவரம்பு வைத்திருந்த அதே நாட்டில், உச்ச நீதிமன்றத்தின் 2010-ஆம் ஆண்டு சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்புக்குப் பிறகு, வேட்பாளரைச் சாராத குழுக்கள் வரம்பின்றிச் செலவிடலாம். ஒரு விளம்பரத்தின் கடைசியில் பொடி எழுத்தில் வந்த குழுவின் பெயரைக் குறித்துக்கொண்டு, பணம் கொடுத்தவர் யார் என்று தேடினேன். அது இன்னோர் அமைப்பின் பெயரில் போய் நின்றது. அந்த அமைப்புக்குக் கொடுத்தவர்களின் பட்டியல் எங்கும் இல்லை.

முதல் உறுப்பினர்:

அந்த முதியவரின் வாக்கு என்ன ஆயிற்று என்று தனிமடலில் கேட்டிருந்தீர்கள். வாக்கு சேர்ந்ததா என்று பின்னர் பார்த்துக்கொள்ள ஓர் எண் உண்டு. அதை அவர் மட்டுமே பார்க்க முடியும். அந்த எண் இருந்த துண்டுச்சீட்டை நான்காக மடித்து, அவருடைய கோட்டின் உள்பையில் வைத்து அனுப்பினேன்.